அழுத்தம் என்றால் அமுக்கம் இல்லை: ஒரு பிள்ளை, ஒரு சொல், ஏழு கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரங்களில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு உயர்தர பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபம், மைக், புரொஜெக்டர் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் பிளாஸ்ரிக் விரிப்பைத் தட்டிவிட்டு நடக்கிற வகுப்பு. இந்த வருடம் மே மாதத்தில், பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குக் கட்டின வெளிச்சக்கூடுகள் இன்னும் இறக்காத ஒரு கிழமையில், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை வரத் தொடங்கியது. கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம், கெட்டிக்காரி. இணைந்த கணிதத்தில் எனக்கே சில இடத்தில் குறுக்குவழி காட்டுவாள். அப்படிப்பட்டவள் ஒரேயொரு சொல்லில் போய் முட்டி நின்றாள். அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது, அதில் முதல் இரண்டும் என் பிழையாலேயே வீணாகின. கொப்பியில் குறித்துவைத்ததை வைத்து இதை எழுதுகிறேன். பிள்ளைக்கும் தாய்க்கும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம்.

சொல் இதுதான்: அழுத்தம்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். உங்கள் பாடநூலில் அழுத்தம் என்றால் பலூனுக்குள்ளும் டயருக்குள்ளும் இருக்கிறது, பரப்பளவால் விசையை வகுத்தால் வருவது. எங்கள் பாடநூலில் அதற்குப் பெயர் அமுக்கம். நாங்கள் அழுத்தம் என்று எழுதுவது வேறொன்றை. நீங்கள் மின்னழுத்த வேறுபாடு என்று சொல்வதில் இருக்கிறதே, அந்த அழுத்தம் எங்களிடம் தனியாகவே வரும். மின்னில் மட்டுமல்ல, புவியீர்ப்பிலும் வரும், அங்கே அது ஈர்ப்பழுத்தம். நீங்கள் நிலை ஆற்றல் என்பதை நாங்கள் அழுத்தசக்தி என்கிறோம். நாங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மீற்றர் நீளக் கம்பியை மரப்பலகையில் இழுத்துக் கட்டி, வழுக்கும் தொடுகையை நகர்த்தி நகர்த்திச் சமநிலைப் புள்ளி தேடுகிற கருவியின் பெயர் அழுத்தமானி. அதே பெயரை யூடியூப்பில் தேடினால் காற்றின் அழுத்தத்தை அளக்கிற கருவிதான் வரும். இந்தப் பிள்ளைக்கு வந்ததும் அதுதான். இரவு பதினொரு மணிக்கு இயர்போனைப் போட்டுக்கொண்டு, நல்ல தமிழில், நல்ல படங்களுடன், வேறொரு பாடத்தைப் படித்திருக்கிறாள்.

அது மட்டும்தான் பிரச்சினை என்றால் இதை எழுதவே தேவையில்லை. "அது வேற, இது வேற பிள்ளை" என்று ஒரு நிமிடத்தில் முடித்திருக்கலாம். முடித்தேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் விடைத்தாள்

கணக்கு இது. 6 வோல்ற்று மின்கல அடுக்கு ஒன்று, அதனுடன் தொடரில் இரண்டு தடைகள், ஒவ்வொன்றும் 3 ஓம். இரண்டு தடைகளுக்கும் நடுவில் இருக்கிற சந்தி புவியுடன் தொடுக்கப்பட்டிருக்கிறது. மின்கல அடுக்கின் நேர் முனையிலும் மறை (மைனஸ்) முனையிலும் அழுத்தம் என்ன?

நடுச் சந்தி பூச்சியம், நேர் முனை 3 வோல்ற்று, மறை முனை மறை 3 வோல்ற்று. ஓட்டம் 1 அம்பியர், புவித் தொடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 1 அம்பியர். ஏனென்றால் புவிக்குப் போகிற கம்பி ஒன்றுதான், போன ஓட்டம் திரும்பி வர வேறு வழியில்லை.

அவள் எழுதியது: நேர் முனை 6, மறை முனை 0, நடுச் சந்தியும் 0. அதற்குக் கீழே ஒரு வரி: "புவியுடன் தொடுத்ததால் அழுத்தம் வெளியேறிவிடும், ஆகவே இரண்டாம் தடையில் ஓட்டம் இல்லை."

வெளியேறிவிடும். அந்தச் சொல்லை நான் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று அன்றைக்குக் கவனிக்கவில்லை. வரைவிலக்கணம் கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள்: முடிவிலியிலிருந்து ஓரலகு நேரேற்றத்தை அப்புள்ளிக்குக் கொண்டுவருவதற்குச் செய்யப்படும் வேலை. ஒரு எழுத்துப் பிழையில்லை. சரி, வரைவிலக்கணம் தெரிகிறது, பயிற்சிதான் போதாது என்று முடிவு கட்டி இருபது கணக்கு கொடுத்தேன். புவி வராத கணக்கெல்லாம் சரி. புவி வந்த ஒவ்வொரு கணக்கும் பிழை.

நான் செய்த பிழை

அடுத்த கிழமை தண்ணீர்த் தாங்கிக் கதையை எடுத்தேன். மொட்டை மாடியில் தாங்கி, கீழே குழாய், மேலே நிற்கிற தண்ணீர் தள்ளுகிறது, அதுபோல மின்கலம் ஓட்டத்தைத் தள்ளுகிறது. பௌதிகவியல் படிப்பிக்கிற எல்லோரும் சொல்கிற கதை, நானும் பத்து வருடமாகச் சொல்கிறேன். அவளும் தலையாட்டினாள், முகம்கூட மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும், அவள் ஏற்கெனவே நம்பியிருந்ததையே நான் படம் போட்டு உறுதிப்படுத்தியிருக்கிறேன்! அழுத்தம் என்பது ஒரு தள்ளல், அது ஒரு இடத்தில் அடைபட்டுக் கிடக்கும், ஓட்டை விழுந்தால் சீறிக்கொண்டு வெளியேறும். ரியூசனுக்கு வருகிற வழியில் டயர் காற்றுப் போனால் என்ன நடக்குமோ அதுவே புவித் தொடுப்பில் நடக்கிறது. "வெளியேறிவிடும்" என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது.

அவளுக்குப் பெயர் மட்டும் மாறிப்போயிருக்கவில்லை. அமுக்கம் என்கிற முழுக் கருத்தும் அதன் பழக்கவழக்கங்கள் எல்லாவற்றோடும் அழுத்தத்துக்குள் குடிவந்திருந்தது. வரைவிலக்கணம் வாசலில் நின்றது, வீட்டுக்குள் இருந்தது வேறு ஆள். பரீட்சையில் வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் முழுப் புள்ளியும் கிடைக்கும், அதனால் ஒருவருக்கும் தெரியவராது.

இது வெளியே வந்தது ஒரு சண்டையில். ஈர்ப்பழுத்தம் ஏன் எப்போதும் மறையாக இருக்கிறது என்று ஒரு கணக்கு. பென்சிலை மேசையில் போட்டுவிட்டு, "அழுத்தம் எப்படி சேர் மறையாகும்? ஒண்டில் அமத்தும், இல்லாட்டி அமத்தாது. மறையா அமத்துறது எண்டா என்ன?" என்று கேட்டாள். கோபம் வந்தால்தான் சில பிள்ளைகள் உண்மையைக் கேட்கும். அன்றைக்கு அந்தக் கணக்கைச் செய்யாமல் வகுப்பை முடித்து, அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போனேன்.

மீற்றருக்கு ஏன் இரண்டு கால்

முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு மல்ரிமீற்றர், மலிவானதுதான், மஞ்சள் உறை போட்டது. நான்கு பென்ரோச் பற்றரி, அவை நான்கையும் வரிசையாகப் போடுகிற பிளாஸ்ரிக் கூடு, இரண்டு சின்ன ரோச் மின்குமிழ், கொஞ்சம் வயர். சனிக்கிழமை மேசையில் பரப்பினேன். குமிழ் இரண்டையும் தொடரில் போட்டு எரியவிட்டோம்.

"நேர் முனையில அழுத்தம் எவ்வளவு எண்டு அள பார்ப்பம்" என்றேன்.

சிவப்புக் காலை நேர் முனையில் வைத்தாள். கறுப்புக் கால் காற்றில் தொங்கியது. திரையில் அர்த்தமில்லாத இலக்கங்கள் ஆடின. கறுப்பை எங்கே வைக்கிறது என்று கேட்டாள். உனக்கு விருப்பமான இடத்தில் வை என்றேன். மறை முனையில் வைத்தாள்: 6.08. சிவப்பை அசைக்காமல் கறுப்பை மட்டும் நடுச் சந்திக்கு மாற்றச் சொன்னேன்: 3.02. நேர் முனைக்கே கொண்டுவா என்றேன்: 0.00.

"சிவப்பு எங்கேயும் போகேல்லையே" என்றாள். ஒரே புள்ளி, ஒரே பற்றரி, ஒரே வெளிச்சம், மூன்று விடை. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிறகு அவளாகவே கறுப்பை நடுவில் வைத்துக்கொண்டு சிவப்பை மறை முனைக்குக் கொண்டுபோனாள். மறை 3.06. அந்தச் சின்னக் கோடு திரையின் இடப்பக்கம் வந்து நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 3.02-உம் 3.06-உம் ஏன் சமன் இல்லை என்றும் கேட்டாள். இரண்டு குமிழும் இரட்டைப் பிள்ளைகள் இல்லை, தடையில் சின்ன வித்தியாசம் இருக்கும், கூட்டிப் பார் என்றேன். கூட்டினாள், 6.08.

கடைசியாக நடுச் சந்தியிலிருந்து ஒரு வயரை எடுத்து யன்னல் இரும்புக் கம்பியில் சுற்றினோம். உண்மையான புவித் தொடுப்பு இல்லைதான், ஆனாலும் அவள் நினைப்பின்படி ஏதாவது கொஞ்சமாவது "வெளியேற" வேண்டும். இரண்டாம் குமிழ் கொஞ்சமும் மங்கவில்லை. வயரைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள். (பற்றரி என்பதால்தான் இந்த விளையாட்டு. சுவரில் இருக்கிற 230 வோல்ற்றில் இந்த வேலை யாரும் பார்க்கவேண்டாம்.)

இந்த இடத்தில் ஒரு நேர்மையான இடைச்செருகல். டயர் அளக்கிற கருவிக்கு ஒரு கால்தான், ஆனால் அதுவும் உண்மையில் வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது, வெளியே இருக்கிற வளியைவிட எவ்வளவு கூட என்று. டொக்டர் 120 என்று சொல்கிற பிறசரும் அப்படித்தான், வளிமண்டலத்துக்கு மேலே 120 மில்லிமீற்றர் பாதரசம். ஆனால் அமுக்கத்துக்கு உண்மையான ஒரு அடிமட்டம் உண்டு. எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்த வெற்றிடம், அதற்குக் கீழே வாயு ஒன்றின் அமுக்கம் போகாது. அழுத்தத்துக்கு அப்படி இயற்கை போட்டுக்கொடுத்த அடிமட்டம் கிடையாது. பூச்சியத்தை நாங்கள்தான் வைக்கிறோம், வசதியான இடத்தில். புவியைப் பூச்சியம் என்பது ஒரு ஏற்பாடு. முடிவிலியைப் பூச்சியம் என்பதும் ஏற்பாடுதான்.

இதற்குப் பிறகு மறைக்குறியை நான் விளங்கப்படுத்தவில்லை, அவள் மாமாவின் லிப்ட் விளங்கப்படுத்தியது. அந்தத் தொடர்மாடியில் கீழே இரண்டு தளம் வாகனம் விட, லிப்ட்டில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று இருக்குமாம். "மைனஸ் ரெண்டில நிக்கிற ஆளுக்கு உயரம் இல்லாமப் போறதில்லைத்தானே சேர், தெருவிலயிருந்து எண்ணுறதாலதானே மைனஸ்." ஆமாம். அவ்வளவுதான் ஈர்ப்பழுத்தத்திலும். முடிவிலியைத் தெரு என்று வைத்துக்கொண்டால் நாங்கள் எல்லோரும் நிலக்கீழ்த் தளத்தில் நிற்கிறோம், பூமியின் மேற்பரப்பில் ஒரு கிலோகிராமுக்கு மறை 6.25 கோடி யூல் ஆழத்தில். அந்த இலக்கத்தைச் சொன்னதும் அவள் அதை இயக்கசக்தியோடு சமப்படுத்தி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் என்று தப்பல் வேகத்தை எழுதிவிட்டாள். சூத்திரம் பாடமாக்கினவள், அன்றைக்குச் சூத்திரம் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தாள்.

பேர்ச் விலை

இன்னும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. அழுத்தத்தையும் அழுத்தசக்தியையும் மாறி மாறி எழுதினாள். ஒன்று இடத்துக்குச் சொந்தம், மற்றது அந்த இடத்தில் இருக்கிற பொருளுக்குச் சொந்தம் என்று சொன்னால் தலையாட்டுவாள், கணக்கில் மறுபடி மாறும். ஒரு நாள் கூட்டிக்கொண்டுபோக வந்த தாய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, "அக்கா, வெள்ளவத்தையில காணி என்ன விலை?" என்று கேட்டேன்.

"பேர்ச்சையா கேக்கிறீங்கள் சேர், முழுக் காணியையா?"

அதுதான் விடை. பேர்ச் என்பது எங்களிடம் காணி அளக்கிற அலகு, கொழும்பில் காணி கதைக்கிற எவரும் முதலில் கேட்பது பேர்ச் விலையைத்தான். பேர்ச் விலை இடத்தைப் பொறுத்தது, கடற்கரைப் பக்கம் ஒன்று, உள்ளே ஒழுங்கைக்குள் ஒன்று, அங்கே உங்களிடம் காணி இருக்கிறதோ இல்லையோ அந்த விலை இருக்கும். ஆறு பேர்ச் வைத்திருக்கிறவருக்கு ஆறால் பெருக்கிக்கொள்ள வேண்டும், அது அவருடைய காணியின் பெறுமதி. பேர்ச் விலைதான் அழுத்தம், பேர்ச் எண்ணிக்கைதான் மின்னேற்றம், காணியின் பெறுமதிதான் அழுத்தசக்தி. ஒரு வோல்ற்று என்பது ஒரு கூலோமுக்கு ஒரு யூல் என்பதும் அதே கதை. பிள்ளையைவிடத் தாய்க்கு முதலில் விளங்கியது, அவர் முகத்தில் தெரிந்தது. எல்லா உவமையும் போல இதுவும் ஒரு எல்லையில் உடையும்: காணி விலைக்குப் பூச்சியம் என்று ஒன்று உண்டு, நிலக்கீழ்த் தளம் கிடையாது. லிப்ட்டையும் பேர்ச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் முழுதாகும். தண்ணீர்த் தாங்கியைத் தனியாக விட்டதில்தான் நான் கெட்டேன்.

பக்கத்து வீட்டில் சிங்கள மொழிமூலம் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். அவர்களுக்கு அழுத்தம் விபவய, அமுக்கம் பீடனய. இரண்டும் காதில் ஒன்றையொன்று தொடுவதேயில்லை, அவனுக்கு இந்தக் குழப்பம் வர வழியில்லை. விபவம் என்றால் தமிழில் பழைய வழக்கில் செல்வம், பெருமை. பேர்ச் விலைக்கு என்ன பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். எங்கள் சொல்லாக்கக்காரர்கள் அமுக்கு, அழுத்து என்று கிட்டத்தட்ட ஒரே பொருள் கொண்ட இரண்டு வினைகளை எடுத்து, ஒன்றை இங்கேயும் மற்றதை அங்கேயும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிரிப்பு பிடிக்கும், தமிழ்நாட்டில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கும்போது எங்களிடம் ஆளுக்கொரு வேலை. ஆனால் பிரித்த வேலியைப் பிள்ளைக்குக் காட்டாமல் விட்டால், வீட்டில் புழங்குகிற "அமத்து" இரண்டு பக்கமும் மேயும்.

அழுத்தத்துக்கு ஆங்கில மூலச் சொல்லான potential-உம் அப்படியொன்றும் தெளிவானதில்லை. நொட்டிங்காமில் மாவாலை வைத்திருந்த ஜோர்ஜ் கிறீன் 1828இல் மின்னுக்கும் காந்தத்துக்கும் கணிதம் பொருத்தி எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் வருகிறது. அந்தக் கணிதச் சார்பை லாப்லாஸ் போன்றவர்கள் பெயர் வைக்காமலே ஏற்கெனவே பாவித்திருந்தார்கள். அழுத்தசக்தி என்பதற்கான ஆங்கிலப் பெயரை ராங்கின் 1853இல் வைத்தார். ஆங்கிலப் பிள்ளைக்கு அந்தச் சொல் "இனித்தான் வெளிவரப் போகிற திறமை" என்று கேட்கும், அது அவர்களுக்கு வேறொரு குழி. கிறீன் என்றதும் எனக்கு மற்ற கிறீனும் ஞாபகம் வரும், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன். இரசாயனத்துக்கு "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்த ஆள். பொருத்தமான தமிழ் கிடைக்காத இடத்தில் வந்த சொல்லையே தமிழ் உடுப்புப் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டார். சில நாட்களில், குறிப்பாக விடைத்தாள் திருத்துகிற நாட்களில், அது கெட்டித்தனமான வேலை என்று தோன்றும். கெமிஸ்தம் என்ற சொல்லைப் பார்த்து எவரும் தெரிந்ததாக நினைத்துக்கொள்ள முடியாது. அழுத்தத்தின் பிரச்சினையே பார்த்தவுடன் தெரிந்த முகமாக இருப்பது.

வெசாக் குமிழ்மாலை

விளங்கியதா என்று பார்க்க, படிப்பித்த கணக்கையே திரும்பக் கொடுப்பதில் பிரயோசனமில்லை. ஆறாம் கிழமை வேறொன்று கேட்டேன். பழைய காலத்து வெசாக் குமிழ்மாலை, 40 சின்னக் குமிழ் தொடரில், 230 வோல்ற்றில். ஒவ்வொரு குமிழுக்கும் குறுக்கே எவ்வளவு? 5.75, அது சுகம். இனி, நடுவில் ஒரு குமிழ் எரிந்து அறுந்துபோனது, மாலை முழுக்க இருட்டு. அறுந்த குமிழின் இரண்டு முனைக்கும் இடையில் அழுத்த வேறுபாடு என்ன?

மே மாதத்துப் பிள்ளை என்றால் பூச்சியம் என்று எழுதியிருப்பாள், ஓட்டம் நின்றுவிட்டது, தள்ளல் நின்றுவிட்டது என்று. அவள் படத்தைக் கீறி, ஒரு முனையிலிருந்து விரலால் ஒவ்வொரு குமிழாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஓட்டம் இல்லை, ஆகவே இந்தக் குமிழில் வீழ்ச்சி இல்லை, இதிலும் இல்லை, இதிலும் இல்லை, அறுந்த இடம் வரைக்கும் எல்லாப் புள்ளியும் அந்தப் பக்க அழுத்தத்திலேயே நிற்கிறது. மறுபக்கமிருந்தும் அப்படியே வந்தாள். இரண்டு விரலும் அறுந்த குமிழின் இரண்டு பக்கத்திலும் நின்றன. "முழு 230உம் இதுக்கு மேலதான் சேர் நிக்குது." பிறகு கையைச் சடாரென்று கொப்பியிலிருந்து எடுத்தாள், கீறின படத்திலிருந்துதான், ஆனாலும் எடுத்தாள். கரண்ட் கம்பியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு ஆறுதலாக இருக்கிற காகத்தைப் பற்றி நான் கேட்க இருந்ததை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சில் இன்னும் "அழுத்தம் பாயுது" என்று வருகிறது, பாய்வது ஓட்டம் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். எழுத்தில் அது குறைந்துவிட்டது. ஏழாம் கிழமை கடந்தகால வினாக்கள் ஒரு பன்னிரண்டு செய்யக் கொடுத்தேன், பதினொன்று சரி, மற்றது கூட்டலில் பிழை. விடைத்தாளின் ஓரத்தில், அழுத்தம் என்ற சொல் வருகிற வினாக்களுக்குப் பக்கத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக "எதிலிருந்து?" என்று எழுதியிருந்தாள். நான் எழுதச் சொன்னதில்லை.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி ஒன்று கேட்டாள்: "மின்னியக்க விசை எண்டு விசையெண்டு பேர் வச்சிட்டு, ஏன் சேர் அதை நியூற்றனில அளக்காம வோல்ற்றில அளக்கினம்?" அது விசையே இல்லை, வருகிற சனிக்கிழமை மீற்றரையும் கொண்டு வா என்றேன்.